அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்

'பெண்களே பெண்களுக்கு எதிரி' என்ற வசனத்தை வேறெங்கும்விட மருத்துவமனையில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் நர்சிங் சூப்பர்வைசர். அங்கே இரண்டு டாக்டர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்குக் 'கருத்து வேறுபாடு' என்று பெயர். மீட்டிங் வைப்பார்கள், காபி வரும், மினிட்ஸ் எழுதப்படும். இரண்டு நர்ஸுகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அது 'குழாயடிச் சண்டை'. "நாலு பொம்பளைங்க ஒரு இடத்துல இருந்தா இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, இரண்டு பேருக்கும் மெமோ கொடுக்கச் சொல்வார்கள்.

குழாயடிச் சண்டை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நான் வளர்ந்த தெருவில் நாற்பது வீடுகளுக்கு ஒரு குழாய். இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குடத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் வரிசைக்காகச் சண்டை வந்தது. சண்டை போட்ட பெண்களின் வாயைப் பற்றி ஊரே பேசியது. தண்ணீரை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதவர் யார் என்று யாரும் பேசவில்லை. வீட்டு ஆண்கள் ஒருவரும் குடம் தூக்க வராததைப் பற்றியும் பேசவில்லை. வார்டில் பெண்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் அனுபவம். ஆள் பற்றாக்குறை, நேரப் பற்றாக்குறை, லீவு பற்றாக்குறை, மரியாதைப் பற்றாக்குறை. இருப்பதைப் பங்கு போடும் வேலை மட்டும் பெண்களிடம் விடப்பட்டிருக்கும்.

இந்தச் சண்டைகளைத் தீர்க்கச் சமரசம் ஒரு நல்ல வழி என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் நம்மிடம் கெட்டுப்போயிருக்கிறது. புருஷன் அடித்தாலும், அண்ணன் சொத்தில் பங்கு தர மறுத்தாலும் 'சமரசமாப் போயிடும்மா' என்றுதான் பெண்ணிடம் சொல்கிறார்கள். விட்டுக்கொடு என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது, அவ்வளவுதான். மருத்துவமனையில் அதையே "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்" என்பார்கள். பஞ்சாயத்து என்ற சொல்லும் இப்படித்தான். அங்கே நாட்டாமை என்று ஒருவர் இருப்பார், தீர்ப்பு என்று ஒன்று வரும், நம் தரப்பைச் சொல்ல நமக்குப் பதிலாக வீட்டு ஆண் ஒருவர் போவார்.

முறையான சமரசத்தில் நடுவில் உட்காருபவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு தரப்பும் தாங்களாக விரும்பி வர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போகலாம். அங்கே பேசியதை வெளியே எடுத்துப் போய் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. முடிவை அந்த இருவரே எட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையமும், 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த மீடியேஷன் சட்டமும் இந்த விதிகளின் மேல்தான் நிற்கின்றன. அப்படி ஒரு மையத்தில் சமரசராகப் பணியாற்றிய பெண் வழக்கறிஞர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நான், லேப் டெக்னீஷியன் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர், டியூட்டி டாக்டர் ஒருவர் என நான்கு பேர் கற்றுக்கொண்டோம்.

நான் நடுவில் உட்கார்ந்த முதல் சண்டையைச் சொல்கிறேன். அந்த அறையில் பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். பெண்கள் மெடிக்கல் வார்டில் ஒருவர் பதினெட்டு வருட சர்வீஸ் உள்ளவர். இன்னொருத்தி படிப்பு முடித்து ஒரு வருடம் ஆன ட்ரெய்னி. வார்டில் சொல்வதுபோலவே பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம்.

நைட் டூட்டி பார்த்தவர் காலையில் வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பதை நாங்கள் 'ஓவர் கொடுப்பது' என்போம். எந்த மருந்து போயிருக்கிறது, எது போக வேண்டும், யாருக்கு மூச்சுத் திணறல் இருந்தது, யார் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் கை மாற வேண்டும். நைட் ஷிப்ட் முடிவது காலை 7 மணிக்கு. சின்ன சிஸ்டர் தினமும் வந்து சேர்ந்தது 7:25க்கு. பெரிய சிஸ்டர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திட்டினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, ஓவர் நோட்டில் நான்கு வரி எழுதி வைத்துவிட்டு 7:05க்குக் கிளம்ப ஆரம்பித்தார்.

ஒரு நாள் பதினோராம் பெட்டில் இருந்த அம்மாவுக்கு, காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் விட்டுப்போனது. காலை டூட்டி போட்டுக்கொள்ளும் என்று இவர் விட்டுவிட்டார். நைட் டூட்டி போட்டிருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். மதியம் பார்த்தால் சுகர் 400ஐத் தாண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனையில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருப்பது அவர்களுடைய சொந்த விஷயம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அவர்களுக்கு நடுவே ஒரு நோயாளி படுத்திருக்கிறார்.

வழக்கம்போல இரண்டு பேருக்கும் மெமோ போனது. இருவரும் விளக்கக் கடிதம் எழுதினார்கள். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் மற்றவர் மேல் பழியைப் போட்டாக வேண்டும். மெமோ என்ற காகிதமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சண்டை இன்னும் இறுகியது.

சமரசத்துக்கு இருவரும் ஒப்புக்கொண்டதும் இடத்தைத்தான் முதலில் யோசித்தேன். மேட்ரன் அறை வேண்டாம். அங்கே நர்ஸுகள் நின்றுகொண்டுதான் பேசிப் பழகியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலியாக இருக்கும் பிசியோதெரபி அறையில் ஒரே உயரமுள்ள மூன்று ஸ்டூல்களைப் போட்டேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொருவர் சொன்னதையும் அடைமொழிகளை எடுத்துவிட்டுத் திருப்பிச் சொன்னேன். 'திமிர் பிடிச்சவ, வேணும்னே லேட்டா வர்றா' என்பது என் வாயில் 'இருபத்தைந்து நிமிஷம் தாமதம் ஆகுது, அது உங்களை மதிக்காம செய்யறதுன்னு உங்களுக்குத் தோணுது' என்று ஆகும். கேட்க எளிமையாக இருக்கும். தன் வார்த்தையை இன்னொருவர் சூடு இல்லாமல் திருப்பிச் சொல்லும்போது, "இல்ல மேடம், அதுக்காக இல்ல" என்று அடுத்த வாக்கியம் வரும். அந்த அடுத்த வாக்கியத்துக்காகத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

சின்ன சிஸ்டர் முதலில் சொன்னது தாமதத்தைப் பற்றி அல்ல. "அக்கா என்னை ஒரு நாள்கூட பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய் ட்ரெய்னி'ன்னுதான். பேஷன்ட் முன்னாடியும் அப்படித்தான்" என்றாள். பெரிய சிஸ்டர் அதை எதிர்பார்க்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அது பிடிக்காது" என்றார்.

பிறகு இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். சின்ன சிஸ்டர் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். முதல் பஸ் பஸ் ஸ்டாண்டை எட்டும்போதே 7:05. டவுனில் விடுதி எடுத்துத் தங்கினால் சம்பளத்தில் பாதி போய்விடும். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே முன்பு நர்ஸ் ஹாஸ்டல் இருந்தது. ஸ்கேன் சென்டருக்காகவும் கார் பார்க்கிங்குக்காகவும் அதை இடித்துவிட்டார்கள். பெரிய சிஸ்டருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா. ராத்திரி துணைக்கு இருப்பது பக்கத்து வீட்டுப் பெண். கார்மென்ட்ஸ் கம்பெனி வேன் 7:30க்கு வந்துவிடும், அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு இவர் வீடு போய்ச் சேரும்வரை அம்மா தனியாகக் கிடப்பார்.

இதை ஏன் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை? பஸ் பிரச்சினையைச் சொன்னால் 'வேலைக்கு லாயக்கில்லை' என்று பயிற்சிக் காலத்தை நீட்டிவிடுவார்கள் என்று சின்னவளுக்குப் பயம். அம்மாவைப் பற்றிச் சொன்னால் நைட் டூட்டிக்கு ஆகாதவர் என்று எழுதி இன்கிரிமென்டில் கை வைப்பார்கள் என்று பெரியவருக்குப் பயம். இரண்டு பேரும் பயந்தது ஒரே அலுவலகத்துக்கு. கோபத்தைக் காட்டிக்கொண்டது ஒருவர்மேல் ஒருவர். நான் இதைப் போய்ச் சொல்லவில்லை. 'இதை நீங்களே அவங்ககிட்ட சொல்றீங்களா?' என்று மட்டும் இருவரிடமும் கேட்டேன். சொன்னார்கள்.

இந்த இடத்தில் மேரி பார்க்கர் ஃபோலெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1925இல் அமெரிக்காவில், மோதலை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துவது பற்றி ஓர் உரை ஆற்றியவர். மோதலை மூன்று வகையில் முடிக்கலாம் என்றார். ஒருவர் ஜெயிக்கலாம். இருவரும் பாதிப் பாதி விட்டுக்கொடுக்கலாம். அல்லது இருவருக்கும் உண்மையில் தேவைப்படுவது கிடைக்கும்படி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். உதாரணமாகத் தனக்கு நடந்ததையே சொன்னார். ஒரு நூலகத்தின் சின்ன அறையில் ஒருவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார், ஃபோலெட் மூடிவைக்க விரும்பினார். பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, ஃபோலெட்டின்மேல் குளிர்காற்று நேராக அடிக்கவில்லை. 1981இல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற 'கெட்டிங் டு யெஸ்' என்ற பேச்சுவார்த்தை நூலிலும் நூலக ஜன்னல் கதை வருகிறது. ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் எழுதியது. அதில் ஜன்னலுக்காகச் சண்டை போடுபவர்கள் இரண்டு ஆண்கள். ஒரு பெண் தன் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொன்னதில் அந்தப் பெண்ணே காணாமல் போவது நமக்குப் புதிதில்லை.

எங்களுக்கும் பக்கத்து அறை ஜன்னல் ஒன்று இருந்தது. அதே வார்டில் மூன்றாவதாக ஒரு நர்ஸ், மருத்துவமனையிலிருந்து ஐந்து நிமிட நடையில் குடியிருந்தார். மதியம் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அரை மணி முன்னதாகப் போக முடிந்தால் நல்லது என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் 6:30க்கு வந்து ஓவர் வாங்கிக்கொண்டு 1:30க்குக் கிளம்பலாம். சின்ன சிஸ்டர் 7:30க்கு வந்து 2:30வரை இருக்கலாம். பெரிய சிஸ்டர் 7 மணிக்குக் கிளம்பிவிடலாம். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த இருவரும் டூட்டி சார்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். ஒருவர் குனிந்து கோடு போட, இன்னொருவர் "இல்ல, செவ்வாக்கிழமை ஆஸ்துமா கிளினிக் இருக்கு" என்று திருத்தினார்.

நிர்வாகம் முதலில் மறுத்தது. கைரேகை மெஷினில் எல்லாருக்கும் 7 மணி என்று போட்டிருக்கிறது, ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். பேசாமல் இருந்த இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஷிப்ட் நேரத்தை மாற்ற வேண்டும், இடித்த ஹாஸ்டலுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள். ஆறு வாரம் கழித்து ஷிப்ட் நேரம் மாறியது. ஹாஸ்டல் நான் வேலையை விட்டு வரும்வரை வரவில்லை.

காலை 7 மணி என்ற அந்த நேரத்தையே யோசித்துப் பாருங்கள். வளாகத்துக்குள் ஹாஸ்டலில் தங்கியிருக்கும், கல்யாணம் ஆகாத, வீட்டில் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிராத ஒரு பெண்ணை மனதில் வைத்துப் போட்ட நேரம் அது. ஹாஸ்டலை இடித்தவர்கள் நேரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் தடுக்கி விழுந்த இரண்டு பெண்களுக்கு 'குணம் சரியில்லை' என்று மெமோ.

ட்ரெய்னி, பெர்மனென்ட் என்ற பிரிவும் இப்படிச் செய்யப்பட்டதுதான். 2017 நவம்பரில் அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டார்கள். ஒரே வார்டில், ஒரே ஊசியைப் போடும் இரண்டு பேருக்குச் சம்பளம் பல மடங்கு வித்தியாசப்பட்டால், அவர்களுக்குள் உரசல் வர யாருடைய குணமும் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. எந்தச் சமரசரும் அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்த்துவிட முடியாது. அதை அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் காட்டாமல் இருக்க உதவ முடியும், அவ்வளவுதான்.

நான் உட்கார மறுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சர்ஜன், கேட்ட கருவி கைக்கு வரவில்லை என்று, கையில் இருந்த ஃபோர்செப்ஸை எறிந்தார். ஸ்க்ரப் நர்ஸின் மணிக்கட்டில் பட்டு வீங்கிவிட்டது. "டென்ஷன்ல பண்ணிட்டாரு. நீங்க ஒரு சமரசம் பண்ணி வைங்க மேடம்" என்று நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. அந்த நர்ஸிடம் தனியாகப் பேசினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வர மாட்டேன்னு சொன்னா எனக்கு என்ன ஆகும் மேடம்?"

அந்தக் கேள்வியை அப்படியே நிர்வாகத்திடம் எடுத்துப் போனேன். அவர் மறுத்தால் அவர் வேலைக்கோ, டூட்டிக்கோ எந்தப் பாதிப்பும் வராது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். வாயால் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. அப்படியானால் இது சமரசம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் எழுத்தில் புகார் கொடுத்தார், விசாரணை நடந்தது. டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம். அவரை தியேட்டரிலிருந்து ஓ.பி.க்கு மாற்றினார்கள். டாக்டர் தியேட்டரிலேயே இருந்தார். விசாரணை என்ற வழியும் பெண்ணுக்கு எவ்வளவு தருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் அந்தச் சம்பவம் 'இருவருக்குள் ஒரு மனஸ்தாபம்' என்று பதிவாகவில்லை. இன்னார் எறிந்தார், இன்னாருக்குக் காயம் என்று காகிதத்தில் இருக்கிறது. ஓ.பி.க்குப் போன பிறகும் அவர் அதன் நகலைப் பத்திரமாக வைத்திருந்தார்.

லெனார்ட் ஸ்டெயின் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இல் 'டாக்டர்-நர்ஸ் விளையாட்டு' என்று ஒரு கட்டுரை எழுதினார். என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதை டாக்டரே நினைத்ததுபோலத் தோன்றும்படிதான் அவர் சொல்ல வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. 'சார், ராத்திரி அந்த பேஷன்ட்டுக்குத் தூக்க மாத்திரை குடுத்தப்ப நல்லா தூங்கினாங்க சார்' என்று சொல்லாத நர்ஸ் நம்மில் யார்? வருடக்கணக்காக இப்படிப் பேசிப் பழகியவரையும், அதைக் கேட்டுப் பழகியவரையும் ஒரு மேசைக்கு இருபுறமும் உட்கார வைத்துவிட்டு, 'இரண்டு பேரும் சமம், மனம்விட்டுப் பேசுங்கள்' என்றால் அங்கே மனம்விட்டுப் பேசப்போவது ஒருவர்தான்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் கோடு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் பத்தாவது பிரிவு, விசாரணைக்கு முன் சமரசத்துக்கு இடம் தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டால் மட்டும்தான். பணம் கொடுத்து முடிப்பது அந்தச் சமரசத்தின் அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒப்புக்கொண்டதை மற்றவர் மீறினால் விசாரணைக்குத் திரும்பலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது? புகார் கொடுத்த மறுநாளே மூத்தவர்கள் யாராவது வீட்டுக்குப் போய், 'உனக்குக் கல்யாணம் ஆகணும்மா' என்று பேசுவார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே சமரசம் கேட்டதாகக் கடிதம் இருக்கும். சாதி சொல்லித் திட்டியதையும் இப்படித்தான் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் ஒருவர் சாதியைச் சொல்லிப் பேசினால், அது அந்த இருவருக்குள் நடந்த தகராறு இல்லை. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சமரச ஸ்டூலைப் போடுவது குற்றத்துக்குத் திரை போடுவதாகும்.

அப்படியானால் பெண்கள் சமரசத்தைக் கைவிட்டுவிடலாமா? மாட்டேன் என்பதுதான் என் பதில். மெமோ இரண்டு பெண்களையும் தனித்தனியாக்குகிறது. முறையாக நடக்கும் சமரசம் அவர்களை ஒரே காகிதத்தின் முன் உட்கார வைக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் பெண்களுக்குள் நடக்கும் சண்டையை ரசிப்பது அவர்களுக்கு அது வசதி என்பதால்தான். டூட்டி சார்ட்டைப் பற்றி இரண்டு நர்ஸுகள் தங்களுக்குள் சண்டை போடும்வரை அதைப் போட்டவரை யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது நர்சிங் மாணவிகளிடம் பேசக் கூப்பிடுகிறார்கள். ஊசி போடுவதைப் பற்றி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களை யாராவது சமரசத்துக்குக் கூப்பிட்டால் முதலில் கேளுங்கள்: வர மாட்டேன் என்று சொன்னால் எனக்கு என்ன ஆகும், அதை எழுதித் தருவீர்களா? இரண்டாவது: நடுவில் உட்காருபவரின் சம்பளத்தையோ பதவியையோ எதிரில் உட்காருபவர் தீர்மானிக்கிறாரா? மூன்றாவது: இந்தப் பிரச்சினைக்குக் காரணமான யாராவது இந்த அறைக்கு வெளியே இருக்கிறாரா, அவரிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து போகலாமா?

போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "மூணுக்கும் பதில் சரியா வரலைன்னா என்ன மேடம் பண்றது?" என்று கேட்டாள். எழுந்து வந்துவிடு, வந்து நடந்ததைத் தேதி போட்டு எழுதி வை, உன்னைப்போல இன்னும் யாருக்கு நடந்திருக்கிறது என்று விசாரி என்றேன். பின்வரிசையில் இருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.